துப்பாக்கிக்குத் தூக்கு

தேயிலை மலையின் கதை – 14

அனுமதியில்லாமல் துப்பாக்கி ஏந்தினால் மரண தண்டனை. 1948 ஜூலையில் மலாயாவின் அவசரகால விதிகளில் இது சேர்ந்தது. ஏந்தியவர் சுட்டிருக்க வேண்டியதில்லை, யாரையும் மிரட்டியிருக்கவும் வேண்டியதில்லை. மடியில் ஒரு ரிவால்வர் இருந்து, அதற்கு உரிமம் காட்ட முடியாமல் போனாலே போதும். தோட்டா வைத்திருப்பதும் அதே விதியின்கீழ் குற்றமானது.

சென்ற இதழில், ஜப்பான்காரன் போன பிறகு தோட்டங்களுக்கு வெள்ளைக்கார நிர்வாகம் திரும்பி வந்ததைப் பார்த்தோம். இந்த இதழ் முழுக்கத் துப்பாக்கியின் கதை. அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சுட்டுக் கொல்லப்படும் ஒவ்வொரு முறையும், ராணுவ பாணித் தாக்குதல் துப்பாக்கிகளைத் தடை செய்தால் இது நிற்குமா என்ற கேள்வி எழுகிறது. கேமரன் மலையின் தானா ராத்தா தேநீர்க் கடைகளில் தொலைக்காட்சிச் செய்தி ஓடும்போது நம்மவர்களும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். பேசுகிறவர்களில் பலருக்கு, நாம் உட்கார்ந்திருக்கும் இதே மலைத்தொடரைச் சுற்றி அந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட விடை எழுதப்பட்டிருக்கிறது என்பது தெரியாது. அந்த விடைக்கு முதலில் உயிர் கொடுத்தவர்களில் தஞ்சாவூர்க்காரர் ஒருவரும் உண்டு.

முதலில், துப்பாக்கி எப்படி வந்தது?

தாப்பாவுக்குத் தெற்கே பீடோர். ஊருக்குப் பின்னால் எழும் காட்டு மலையில் பிளாந்தான் என்று ஒரு கொரில்லா முகாம் இருந்தது. 1943 டிசம்பர் இறுதியில் அங்கே ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. பிரிட்டிஷ் ரகசியப் படையான ஃபோர்ஸ் 136 சார்பில் ஜான் டேவிஸ், ரிச்சர்ட் புரூம், லிம் போ செங் ஆகியோர் வந்திருந்தார்கள். காட்டிலேயே தங்கிப் போராடிக்கொண்டிருந்த ஸ்பென்சர் சாப்மனும் இருந்தார். எதிரில், கம்யூனிஸ்ட் கட்சி நடத்திய மலாயா மக்கள் ஜப்பான் எதிர்ப்புப் படையின் ஆட்கள். அவர்களோடு, பின்னாளில் அந்தக் கட்சியின் தலைவரான, அப்போது இருபது வயதுகூட நிரம்பாத சின் பெங். பிரிட்டன் ஆயுதமும் பயிற்சியும் பணமும் தரும், கொரில்லாக்கள் ஜப்பானுக்கு எதிராகப் பிரிட்டனோடு ஒத்துழைப்பார்கள் என்பதுதான் ஒப்பந்தம். ஆயுதம் உடனே வரவில்லை. 1945-இல்தான் விமானங்கள் காட்டுக்குமேல் பறந்து பாராசூட்டில் பெட்டி பெட்டியாக இறக்கின. ஸ்டென் கன், பிரென் கன், கையெறி குண்டு என்று இறங்கியது. இது போக, 1941-42-இல் பிரிட்டிஷ் படை பின்வாங்கி ஓடியபோது சாலையோரங்களிலும் ரப்பர் காடுகளிலும் போட்டுவிட்டுப் போன துப்பாக்கிகளையும் கொரில்லாக்கள் ஏற்கெனவே பொறுக்கி வைத்திருந்தார்கள்.

போர் முடிந்தது. 1945 டிசம்பரில் படையைக் கலைத்தார்கள். கலைந்த ஒவ்வொருவருக்கும் 350 வெள்ளி கொடுத்து ஆயுதங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டது பிரிட்டன். அரசுக் கணக்கில் ஃபோர்ஸ் 136 கொடுத்த துப்பாக்கிகள் 4,765. திரும்பி வந்தவை 5,497. கொடுத்ததைவிடக் கூடுதலாகவே வந்துவிட்டது என்று அதிகாரிகள் நிம்மதியானார்கள். கொடுத்தது எவ்வளவு என்பது மட்டுமே அவர்களுக்குத் தெரிந்த கணக்கு. காட்டில் மொத்தம் எவ்வளவு இருந்தது என்பதற்கு அவர்களிடம் ஏடே இல்லை. மிச்சம் கிரீஸ் தடவப்பட்டு மண்ணுக்கடியில் போயிற்று. மூன்று ஆண்டு கழித்து, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்காக அதே துப்பாக்கிகள் தோண்டி எடுக்கப்பட்டன.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று அமெரிக்காவைப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அதே பிழை அங்கே சட்டமாகவே எழுதப்பட்டது. 1994 செப்டம்பர் 13-ஆம் தேதி தாக்குதல் துப்பாக்கித் தடைச் சட்டத்தில் அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்டார். குறிப்பிட்ட வகைத் துப்பாக்கிகளை இனித் தயாரிக்கவோ விற்கவோ கூடாது, பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினும் கூடாது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் செய்தவை எல்லாம் செல்லும். வைத்திருக்கலாம், கைமாற்றலாம், விற்கலாம். பத்து ஆண்டு ஆயுள் கொடுக்கப்பட்ட அந்தச் சட்டம் 2004 செப்டம்பர் 13-இல் காலாவதியானது, யாரும் புதுப்பிக்கவில்லை. அதன் பலன் என்ன என்று ஆராய்ந்தவர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. தடை இருந்த ஆண்டுகளில் கூட்டக்கொலைச் சாவுகள் குறைவு, தடை போன பிறகு ஏறிவிட்டது என்கிறது ஒரு சாரார் கணக்கு. அமெரிக்க நீதித்துறைக்காக 2004-இல் ஆய்வு செய்த கிறிஸ்டபர் கோப்பர், தடைக்கு முன்பே துப்பாக்கிக் குற்றங்களில் இந்த வகை ஆயுதங்களின் பங்கு 2 முதல் 8 சதவீதம்தான், ஆகவே மொத்தக் குற்றத்தில் பெரிய மாற்றம் தெரியாது என்றார். பெரிய மேகசின்களைக் கட்டுப்படுத்துவதில்தான் கூடுதல் பலன் இருக்கலாம் என்றும், பழைய கையிருப்பு தீர்ந்தால்தான் அது தெரியும் என்றும் அவர் சொன்னார். 1999-இல் கொலம்பைன் பள்ளிப் படுகொலை நடந்தபோது தடை நடப்பில்தான் இருந்தது. காகிதத்தில் தடை, வெளியே லட்சக்கணக்கில் பழைய துப்பாக்கி. 1945-இல் மலாயாவில் நடந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

மலாயாவுக்குத் திரும்புவோம். 1948 ஜூன் 16 காலை. நம் மலையின் மேற்கே பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். எல்ஃபில் தோட்டத்து அலுவலகத்துக்கு மூன்று பேர் சைக்கிளில் வந்தார்கள். துரை ஆர்தர் வாக்கருக்கு முகமன் சொல்லிவிட்டுச் சுட்டார்கள். சிறிது நேரத்தில் பக்கத்துத் தோட்டத்தில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் என்ற இருவரை நாற்காலியில் கட்டிவைத்துச் சுட்டார்கள். அதே வட்டாரத்தில் கூலித் தகராறும் வேலைநிறுத்தமும் பல மாதமாக நடந்துகொண்டிருந்தன. போலீஸ் தடியடியில் தோட்டத் தொழிலாளர்களும் செத்திருந்தார்கள். அந்தச் சாவுகளுக்கு எந்தச் சட்டமும் வரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். மூன்று துரைகளின் சாவுக்கு இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் வந்தது. அடுத்த மாதம் தூக்குச் சட்டம்.

அந்தச் சட்டத்தில் மாட்டிய முதல் பெரிய தலைவர் எஸ். ஏ. கணபதி. தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையிலிருந்து சிறுவனாகக் கப்பலேறியவர். இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தார். போருக்குப் பின் அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். சீனர், இந்தியர், மலாய்க்காரர் மூவரும் சேர்ந்திருந்த அந்தச் சம்மேளனத்தை 1948 ஜூனில் அரசு முடக்கியது. கணபதி தலைமறைவானார். 1949 மார்ச்சில் சிலாங்கூரில் ராவாங் பக்கத்து வாட்டர்ஃபால் தோட்டத்தருகே பிடிபட்டார். அவரிடமிருந்து எடுத்தது ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும். அதை அதிகாரிகளிடம் ஒப்படைக்கத்தான் கொண்டுபோனேன் என்பது அவர் தரப்பு. அந்த ரிவால்வரால் அவர் யாரையும் சுட்டதாக வழக்கே இல்லை. அதே மாதம் தூக்குத் தீர்ப்பு வந்தது. நேருவின் அரசு தலையிட்டுக் கேட்டது. லண்டனில் இந்தியத் தூதராக இருந்த கிருஷ்ண மேனன் பிரிட்டிஷ் அரசிடம் முறையிட்டார். எதுவும் பலிக்கவில்லை. 1949 மே 4-ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் கணபதியைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு முதல் நாள் அவருடைய தோழர் வீரசேனனைப் பாதுகாப்புப் படையினர் சுட்டுக் கொன்றிருந்தார்கள். இரண்டு சாவும் அடுத்தடுத்த நாட்களில். தோட்டப்புறத் தமிழர்களின் தொழிற்சங்கத் துணிவு அந்த வாரத்தோடு பல ஆண்டுகளுக்கு ஒடுங்கிப்போனது என்பது என் கணிப்பு.

அதே சட்டம் இன்னொரு தமிழரையும் தூக்குமேடைக்கு அருகே கொண்டுபோனது. 1948 செப்டம்பரில் ஜோகூரில் நடந்த ஒரு மோதலுக்குப் பின் காயத்தோடு பிடிபட்டவர் சம்பாசிவம். ரிவால்வர் ஏந்தியது ஒரு குற்றச்சாட்டு, தோட்டாக்கள் வைத்திருந்தது இன்னொன்று. தோட்டாக் குற்றச்சாட்டில் விடுதலை கிடைத்தது. ரிவால்வருக்கு மறுவிசாரணை வைத்து மரண தண்டனை விதித்தார்கள். அந்த மறுவிசாரணையில் அரசு பெரிதும் நம்பியிருந்தது, துப்பாக்கி, தோட்டா இரண்டையும் பற்றி அவர் சொன்னதாகக் கூறப்பட்ட ஒரே வாக்குமூலத்தை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. விடுதலைத் தீர்ப்பு முடிந்த தீர்ப்பு, அது அரசையும் கட்டுப்படுத்தும், அதை ஒளித்துவிட்டு அதே வாக்குமூலத்தை மறுபடி பயன்படுத்த முடியாது என்று 1950-இல் தண்டனையை ரத்து செய்தார்கள். காமன்வெல்த் நாடுகளின் சட்டக் கல்லூரிகளில் இன்றும் மாணவர்கள் சம்பாசிவம் வழக்கைப் படிக்கிறார்கள். ஒரு மனிதன் கயிற்றுக்குத் தப்பிய வழக்கு அது. ஒரே விதியில் ஒருவர் தொங்கினார், ஒருவர் பிழைத்தார். 1952-இல் கையெறி குண்டு வைத்திருந்ததாகத் தண்டிக்கப்பட்ட லீ மெங் என்ற பெண்ணையும், அவர் பெயர் உலகச் செய்தியான பிறகு, பேராக் சுல்தான் தூக்கிலிருந்து மீட்டார். செய்தியாகாத பெயர்கள் எத்தனையோ. அவசரகாலத்தில் தூக்கிலிடப்பட்டவர்கள் 200-க்கும் மேல்.

சரி, இத்தனை தூக்குக்குப் பிறகாவது சுட்டுக் கொல்வது நின்றதா? கணக்கைப் பாருங்கள். சட்டம் வந்த 1948-இல் கொல்லப்பட்ட பொதுமக்கள் ஏறத்தாழ 300. அடுத்த ஆண்டும் கிட்டத்தட்ட அவ்வளவே. 1950-இல் அது 600-ஐத் தாண்டியது. 1951-இல் 500-க்கு மேல். தூக்குக் கயிறு முழு வேகத்தில் இருந்த ஆண்டுகளில்தான் சாவு இரட்டித்தது. 1951 அக்டோபர் 6-ஆம் தேதி, நம் மலைத்தொடரின் தெற்குப் பக்கத்தில் பிரேசர் மலைக்கு ஏறும் வளைவுச் சாலையில், ஹை கமிஷனர் ஹென்றி கர்னியின் காரைப் பிரென் கன்கள் வளைத்துச் சல்லடையாக்கின. நாட்டின் தலைமை அதிகாரியே கார் கதவைத் திறந்து சாலையில் இறங்கி, அங்கேயே சுடப்பட்டு விழுந்தார். மனைவி காருக்குள் குனிந்து படுத்து உயிர் தப்பினார். காட்டுக்குள் போனவன் ஏற்கெனவே சாவைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் போகிறான். அவனிடம் துப்பாக்கி வைத்திருந்தால் சாவாய் என்று சொல்வதில் என்ன பயம் வந்துவிடப் போகிறது? பள்ளிக்குள் நுழைந்து சுட்டுவிட்டுத் தானும் சாகத் துணிந்தவனுக்கும் இது பொருந்தும்.

ஆனால் 1953-இல் கொல்லப்பட்ட பொதுமக்கள் நூற்றுக்கும் குறைவு. இரண்டே ஆண்டில் இப்படி இறங்கியதற்குக் காரணம் பல. 1951 அக்டோபரில் கம்யூனிஸ்ட் கட்சியே பொதுமக்களைப் பாதிக்கும் தாக்குதல்களைக் குறைக்கும்படி தன் ஆட்களுக்குச் சொன்னது. ஜெனரல் பிரிக்ஸ் திட்டப்படி ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். கர்னிக்குப் பிறகு ஹை கமிஷனராக வந்த டெம்ப்ளர் பிடியை இறுக்கினார். இவற்றோடு நான் முதன்மையாக எண்ணுவது ஒன்று உண்டு: காட்டுக்குள் தோட்டா போகும் வழி அடைபட்டது. மலாயா கொரில்லாக்களுக்கு வெளிநாட்டிலிருந்து ஆயுதம் வரவில்லை. புதைத்து வைத்தது துருப்பிடித்தது, சுட்டது தீர்ந்தது. புதிதாக வேண்டுமென்றால் போலீஸ் நிலையத்தையோ தோட்டக் காவலரையோ தாக்கித்தான் பறிக்க வேண்டும். அந்த நிலையங்களுக்கும் தோட்டங்களுக்கும் வேலி போட்டு, ஆயுதங்களை எண்ணிப் பூட்ட ஆரம்பித்ததும் வழி குறுகிவிட்டது.

அந்த வேலிக்குள் வாழ்ந்தவர்கள் நம் தாத்தா பாட்டிகள். விடியும்வரை ஊரடங்கு. லயத்தைச் சுற்றி முள்கம்பி, ஒரே வாசல். வாசலில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள். தண்டல் ஆளைக் கூட்டி நிறுத்துவார். கொழுந்தெடுக்கப் போகும் பெண் கூடையைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். முந்தானை முடிச்சை அவிழ்க்க வேண்டும். வெற்றிலைப் பையையும் விட்டுவைக்க மாட்டார்கள். உணவுத் தடை விதித்த வட்டாரங்களில் ஒரு பிடி சோறுகூட வாசலைத் தாண்டக் கூடாது, அது காட்டுக்குப் போகுமாம். பகல் பசிக்கு வேலை முடிந்து வந்துதான் மருந்து. கடையில் பால் டின் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார், சேர்த்துவைத்து அனுப்ப முடியாதபடி. அரிசி ரேஷன், கையில் அடையாள அட்டை. கிராணி பெயரைக் கூப்பிட்டு எண்ணுவார், மாலையில் திரும்பி வந்ததும் மறுபடி எண்ணுவார். ஆள் குறைந்தால் விசாரணை. ஆயுதம் ஏதும் ஏந்தாத குடும்பங்கள் ஆயுதக் கட்டுப்பாட்டின் முழுச் சுமையையும் முதுகில் சுமந்தன. அந்தக் கட்டுப்பாடு பலித்தது என்று எழுதும்போதே, அது யார் வயிற்றில் பலித்தது என்பதையும் எழுதியாக வேண்டும்.

வேலியே பயிரை மேய்ந்ததும் உண்டு. 1948 டிசம்பர் 11, 12 தேதிகளில் சிலாங்கூர் பத்தாங் காலி அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் 24 சீனத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். செத்தவர் யாரிடமும் ஆயுதம் இல்லை. தப்பி ஓடினார்கள், சுட்டோம் என்றது அரசு. உறவினர்கள் அறுபது ஆண்டுக்கு மேல் போராடினார்கள். 2015-இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம்வரை போயும் பொது விசாரணை கிடைக்கவில்லை. அவசரகாலத்தில் ஒரே இடத்தில் நடந்த மிகக் கொடிய துப்பாக்கிப் படுகொலைகளில் ஒன்று இது. அதைச் செய்தவை அரசு வழங்கிய துப்பாக்கிகள். உரிமம் இல்லாத ஒரு ரிவால்வருக்குக் கணபதிக்குக் கயிறு. இருபத்துநான்கு உயிருக்கு யார்மீதும் வழக்கு இல்லை. தடை என்று ஒன்று வந்தால் அது எந்தக் கைகளை எண்ணுகிறது, எந்தக் கைகளை எண்ணாமல் விடுகிறது என்பதை முதலில் கேட்கும் பழக்கம் எனக்கு இந்தச் சம்பவத்திலிருந்து வந்தது.

1960 ஜூலை 31-இல் அவசரகாலம் முடிந்தது. துப்பாக்கிச் சட்டம் முடியவில்லை. அதே ஆண்டு வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, பாதுகாப்பு வட்டாரத்தில் உரிமமில்லாத துப்பாக்கிக்கு மரண தண்டனையைத் தொடர்ந்தது. இன்னொரு பக்கம் 1960 ஆயுதச் சட்டம் உரிம முறையை நிலைநிறுத்தியது. துப்பாக்கி வேண்டுமென்றால் மாநிலக் காவல் துறைத் தலைவர் உரிமம் தர வேண்டும், அதில் எந்தத் துப்பாக்கி, எவ்வளவு தோட்டா என்பதெல்லாம் உண்டு. காய்கறித் தோட்டத்தைக் காட்டுப்பன்றி அழிக்கிறது என்று விவசாயி கேட்டால் வேட்டைத் துப்பாக்கி கிடைக்கலாம். ராணுவ பாணித் துப்பாக்கி எந்தக் குடிமகனுக்கும் கிடையாது. 1971-இல் துப்பாக்கித் தண்டனை அதிகரிப்புச் சட்டம் வந்தது. கொள்ளை போன்ற குற்றத்தின்போது கொல்லவோ காயப்படுத்தவோ எண்ணிச் சுட்டாலே, யாருக்கும் காயம் படாவிட்டாலும், தூக்கு. இரண்டுக்கு மேல் துப்பாக்கி வைத்திருந்தால் கடத்தல்காரர் என்று சட்டமே ஊகிக்கும்.

இவ்வளவு கடுமைக்கும் அடங்காதவர்கள் இருந்தார்கள். தாய்லாந்திலிருந்து துப்பாக்கி வாங்கிக் கோலாலம்பூரைக் கலக்கிய கொள்ளைக்காரர் போத்தாக் சின் 1981 ஜூன் 11-இல் தூக்கிலிடப்பட்டார். நம் பகாங் மாநிலத்துப் பெந்தோங்கிலிருந்து வந்த காளிமுத்து, பத்திரிகைகளுக்குப் ‘பெந்தோங் காளி’, பல கொலைகளுக்காகத் தேடப்பட்டு 1993 ஜூன் 29-இல் கோலாலம்பூரில் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கையில் இருந்தது கைத்துப்பாக்கிதான். தூக்குச் சட்டம் அவரையும் தடுக்கவில்லை. ஆனால் தானாகத் தோட்டா பொழியும் ரைஃபிள் அவருக்கு எளிதில் கிடைக்கும் நாடாக இது இருந்திருந்தால், 1993-இன் சாவுக் கணக்கு வேறாக இருந்திருக்கும். அந்த வேறுபாட்டைத்தான் நான் இந்தக் கட்டுரை முழுவதும் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

மலேசியாவில் எம்-16 ரைஃபிள் தெருவுக்கு வந்த கதை இரண்டு எனக்கு நினைவில் உண்டு. இரண்டும் பேராக்கில் தொடங்கின, இரண்டும் ராணுவக் கிடங்கிலிருந்து தொடங்கின. 1987 அக்டோபர் 18-ஆம் தேதி, ஈப்போ முகாமைச் சேர்ந்த ஆடாம் ஜாஃபார் என்ற இளம் சிப்பாய் தன் எம்-16-ஐயும் தோட்டாக்களையும் எடுத்துக்கொண்டு கோலாலம்பூர் சௌ கிட் பகுதிக்குப் போய்ச் சுட்டார். ஒருவர் இறந்தார், சிலர் காயமடைந்தார்கள். கையில் இருந்த தோட்டாவுக்கு அது மிகச் சிறிய எண்ணிக்கை. கூட்டமான தெரு அது, வேறு மாதிரியும் முடிந்திருக்கலாம்.

இரண்டாவது, 2000 ஜூலை 2. அல்-மவுனா என்ற கும்பல் ராணுவ அதிகாரிகள் போல உடையணிந்து, திடீர்ச் சோதனைக்கு வந்ததாகச் சொல்லிக் கெரிக் பக்கத்து இரண்டு முகாம்களுக்குள் புகுந்தது. எம்-16, இயந்திரத் துப்பாக்கி, குண்டு வீசும் கருவி என நூற்றுக்கும் மேற்பட்ட ஆயுதங்களோடு வெளியேறியது. சாவுக் என்ற ஊருக்கு அருகே ஜெனாலிக் குன்றில் பதுங்கியது. பிணையாகப் பிடிபட்டவர்களில் தமிழரான துப்பறியும் காவலர் சகாதேவனையும், சரவாக்கைச் சேர்ந்த மேத்தியூ என்ற சிப்பாயையும் கொன்றது. சில நாளில் படை சூழ்ந்து ஆயுதங்களை மீட்டது. தலைவன் முகமது அமின் 2006-இல் தூக்கிலிடப்பட்டான். எத்தனை துப்பாக்கி காணாமல் போனது என்று அரசுக்கு உடனே தெரிந்தது, எத்தனை திரும்ப வேண்டும் என்றும் தெரிந்தது, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் ஏட்டில் எண் இருந்தது. 1945-இல் பிரிட்டனிடம் இல்லாத ஏடு அது. ஒரு நாட்டில் இப்படிப்பட்ட ஆயுதத்தைக் கைப்பற்ற ராணுவ வாசல் ஒன்றே வழி என்றால், அந்த வாசலைக் காத்தால் போதும். டெக்சஸ் மாநிலம் உவால்டேயில் 2022 மே 24-இல் 19 பிள்ளைகளையும் இரண்டு ஆசிரியைகளையும் கொன்றவன், பதினெட்டு வயது நிரம்பியதும் கடையில் சட்டப்படி ரைஃபிள் வாங்கியவன். அங்கே காக்க வேண்டிய வாசல்கள் எண்ணிலடங்காதவை.

பிளாந்தானில் தொடங்கிய துப்பாக்கிகளின் கதை 1989 டிசம்பர் 2-ஆம் தேதி தாய்லாந்தின் ஹட்யாயில் முடிந்தது. சின் பெங் அங்கும் இருந்தார், இப்போது அறுபத்தைந்து வயதுக்காரர். ஆயுதப் பிரிவுகளைக் கலைப்பது, ஆயுதங்களை அழிப்பது என்று கையெழுத்தானது. 1955 டிசம்பரில் பாலிங்கில் துங்கு அப்துல் ரஹ்மானோடு அவர் பேசியபோது முறிந்தது, காட்டை விட்டு வருபவருக்கு விசாரணையும் அடைப்பும் காத்திருக்கும் என்ற நிபந்தனையில்தான். ஹட்யாயில் கௌரவமாகக் கலைய வழி கொடுத்ததும் கடைசி ஆயுதமும் போனது. துப்பாக்கியை வைத்தவருக்குப் பிழைக்க வழி கொடுத்தால் துப்பாக்கி வெளியே வரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம் வரலாற்றில் இல்லை.

இதையே ஆஸ்திரேலியா அமைதிக் காலத்தில் செய்துகாட்டியது. 1996 ஏப்ரல் 28-இல் டாஸ்மானியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். பன்னிரண்டு நாளில் மத்திய அரசும் மாநிலங்களும் ஒத்துப்போயின. வேகமாகச் சுடும் ரைஃபிள்கள் தடை செய்யப்பட்டன, வீட்டில் இருந்தவற்றை அரசு பணம் கொடுத்து வாங்கியது, ஏறத்தாழ 6,50,000 துப்பாக்கிகள் உருக்கப்பட்டன. எஞ்சியவற்றுக்குப் பதிவு, உரிமம். தண்டனைக்குத் தூக்கு எதுவும் இல்லை, அந்த நாட்டில் மரண தண்டனையே கிடையாது. அதற்கு முந்தைய பதினெட்டு ஆண்டுகளில் ஐந்து பேரோ அதற்கு மேலோ சுட்டுக் கொல்லப்பட்ட சம்பவங்கள் பதின்மூன்று. அடுத்த இருபது ஆண்டுகளில் அப்படி ஒன்றுகூட நடக்கவில்லை. இது எப்போதைக்குமான காப்பு என்று சொல்லவில்லை, பதிவு தளர்ந்தால் ஆபத்து திரும்பும். 2019-இல் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் சாய்ந்தபோது, ஒரு மாதத்துக்குள் நியூசிலாந்தும் அந்தப் பாதையையே எடுத்தது. பழைய கையிருப்பைத் திரும்ப வாங்கியது என்பதுதான் அமெரிக்கச் சட்டத்துக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு.

நம் நாட்டில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது, 57-ஆம் பிரிவும் அதோடு போனது. 2023 ஜூலை 4-இல் கட்டாய மரண தண்டனை ஒழிப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. 1971 துப்பாக்கிச் சட்டத்தில் தூக்கு கட்டாயமாக இருந்த இடத்தில், இனி நீதிபதி 30 முதல் 40 ஆண்டுச் சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். தூக்குக்குக் காத்திருந்தவர்களின் தண்டனைகளைக் கூட்டரசு நீதிமன்றம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. கயிறு தளர்ந்தால் துப்பாக்கி பெருகும் என்று அப்போது சிலர் பயந்தார்கள். 1950-இன் எண்களைப் பார்த்தவர் அப்படிப் பயப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது எல்லையில் நுழையும் கள்ளத் துப்பாக்கியைப் பற்றி, கிடங்கு ஏட்டில் விழும் இடைவெளியைப் பற்றி. ஆயுதச் சட்டத்தின் உரிம விதிகளில் யார் கைவைத்தாலும் நாடாளுமன்றத்தில் நம் பிரதிநிதிகள் எழுந்து கேட்க வேண்டும்.

அடுத்த இதழில்: 1968-இல் வந்த வேலை அனுமதிச் சட்டமும், சிவப்பு அடையாள அட்டையோடு தமிழ்நாட்டுக்குக் கப்பலேறிய தோட்டக் குடும்பங்களும்.